ஃபைப்ராய்டு என்று எடுத்த கட்டி வேறொன்றாக இருந்தால்? அரிய வகை கருப்பைக் கட்டிகளும் குழந்தைப்பேறும்

ஸ்கேனில் 'கருப்பையில் கட்டி' என்று வந்துவிட்டால் வீட்டில் எழும் முதல் கேள்வி, "கேன்சரா இருக்குமோ?" என்பதுதான். கட்டி இருப்பது 25, 30 வயதுப் பெண்ணுக்கு என்றால் இரண்டாவதாக ஒரு கேள்வியும் இருக்கும். அதைச் சத்தமாகக் கேட்கத்தான் எல்லோரும் தயங்குவார்கள். "இனிமே குழந்தை பிறக்குமா?"

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் நல்ல பதில்தான். கருப்பைக் கட்டிகளில் மிகப் பெரும்பான்மை 'ஃபைப்ராய்டு' எனப்படும் நார்த்திசுக் கட்டிகள். 50 வயதைத் தொடுவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது வந்துவிடுகிறது. தொந்தரவு இல்லை என்றால் எடுக்கக்கூடத் தேவையில்லை. இது புற்றுநோய் அல்ல.

ஆனால் ஃபைப்ராய்டு என்று நினைத்து எடுத்த கட்டி, ஆய்வகத்தில் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்கும்போது வேறொன்றாக இருக்கும் சம்பவங்களும் நடக்கின்றன. அரிதுதான். ஆனால் அந்த ரிப்போர்ட் யார் கைக்கு வருகிறதோ அவருக்கு 'அரிது' என்ற சொல்லால் எந்த ஆறுதலும் இல்லை. அப்படி வரும் கட்டிகள் என்னென்ன, யாருக்குக் கருப்பையைக் காப்பாற்ற முடியும், யாருக்கு முடியாது, முடியாதவர்களுக்கு என்ன வழி என்பதைப் பார்க்கலாம்.

உள்ளே என்ன நடக்கிறது?

கருப்பையின் உள்பக்கம் மெல்லிய சவ்வு இருக்கிறது. மாதவிடாயில் உதிர்ந்து வெளியேறுவது அதுதான். அதைச் சுற்றி தடிமனான தசைச் சுவர். 'கருப்பைப் புற்றுநோய்' என்று பொதுவாகச் சொல்வது உள்சவ்வில் தொடங்குவதைத்தான். தசையிலோ, சவ்வைத் தாங்கி நிற்கும் திசுவிலோ தொடங்கும் புற்றுநோய்களுக்கு 'சர்கோமா' என்று பெயர். கருப்பையில் வரும் 100 புற்றுநோய்களை எடுத்துக்கொண்டால் 3 முதல் 7 வரைதான் இந்த வகை.

இவற்றில் மூர்க்கமானது 'லியோமயோசர்கோமா'. தசையில் வருவது, வேகமாக வளர்வது, ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்குப் போகக்கூடியது. இதற்கு நேர்மாறான குணம் கொண்டது 'லோ கிரேடு எண்டோமெட்ரியல் ஸ்ட்ரோமல் சர்கோமா'. பெயர் நீளம், ஆள் நிதானம். மெதுவாக வளரும். ஆனால் எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கும்போது 10, 15 வருடங்கள் கழித்தும் திரும்ப வரும். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்தான் இதற்குத் தீனி.

'அடினோசர்கோமா' என்று ஒன்று உண்டு. பார்ப்பதற்குச் சாதாரண பாலிப் மாதிரி இருக்கும். எடுத்தால் மறுபடி வரும், மறுபடி எடுத்தால் மறுபடியும் வரும். "பாலிப் திரும்பத் திரும்ப வருது" என்று சொல்லும் பெண்களுக்கு, ஒவ்வொரு முறை எடுத்ததையும் பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்வது இதனால்தான்.

இவற்றுக்கு நடுவில் குழப்பமான ஓர் இடம் இருக்கிறது. நோயியல் மருத்துவர்கள் ஒரு தசைக் கட்டியைப் பார்க்கும்போது முக்கியமாக மூன்று விஷயங்களை எடைபோடுவார்கள். செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன, அவற்றின் உருவம் எவ்வளவு மாறியிருக்கிறது, கட்டிக்குள் செல்கள் தானாக அழுகிச் செத்திருக்கின்றனவா. மூன்றும் இருந்தால் சர்கோமா. எதுவும் இல்லை என்றால் ஃபைப்ராய்டு. அரைகுறையாக இருந்தால்? அதற்குத்தான் 'ஸ்டம்ப்' என்று ஒரு வகையை வைத்திருக்கிறார்கள். புற்றுநோயாக நடந்துகொள்ளுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாத தசைக் கட்டி என்பது அதன் பொருள். "டாக்டருக்கே தெரியலையா?" என்று கோபம் வரலாம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதுதான் இங்கே நேர்மையான ரிப்போர்ட்.

ஆபரேஷனுக்கு முன்பே கண்டுபிடிக்க முடியாதா?

உறுதியாக முடியாது. இந்த நோயின் பெரிய சிக்கலே இதுதான்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சர்கோமாவும் ஃபைப்ராய்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். எம்.ஆர்.ஐ. கொஞ்சம் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும். ஓரம் ஒழுங்கில்லாமல் இருப்பது, உள்ளே ரத்தக்கசிவு, குறிப்பிட்ட சில படங்களில் தெரியும் மாற்றம் ஆகியவை சந்தேகத்தைக் கிளப்பும். கருப்பையின் உள்ளிருந்து சுரண்டி எடுத்துச் செய்யும் பயாப்ஸியும் தசைக்குள் ஆழமாக இருக்கும் கட்டியைத் தவறவிட வாய்ப்புண்டு. சந்தேகமான கட்டியை வெளியிலிருந்து ஊசி குத்தி மாதிரி எடுக்கலாமே என்றால், செல்கள் வழியில் சிந்திவிடும் என்ற பயத்தில் பெரும்பாலும் அதைத் தவிர்க்கிறார்கள்.

கட்டி வேகமாக வளர்ந்தாலே புற்றுநோய் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய வயதில் சாதாரண ஃபைப்ராய்டும் வேகமாக வளரும். ஆனால் மாதவிடாய் நின்ற பிறகு ஒரு கட்டி வளர்கிறது, அல்லது புதிதாக வருகிறது என்றால் அது வேறு விஷயம். தள்ளிப்போடக் கூடாது.

கட்டியை நறுக்கி எடுத்ததால் வந்த வினை

முன்கூட்டியே தெரியாது என்பதால் என்ன ஆகும்? உலகுக்கே அதைப் புரியவைத்தவர் அமெரிக்காவின் ஏமி ரீட். அவரே ஒரு மயக்க மருந்து நிபுணர், ஆறு குழந்தைகளின் தாய். 2013-ம் ஆண்டு, 40 வயதில், ஃபைப்ராய்டு என்று சொல்லி அவருக்குக் கருப்பையை அகற்றினார்கள். லேப்ராஸ்கோப்பி முறையில் சின்னத் துளை போட்டுச் செய்த ஆபரேஷன். சின்னத் துளை வழியாகப் பெரிய கட்டி எப்படி வெளியே வரும்? 'பவர் மார்சலேட்டர்' என்ற கருவியை உள்ளே விட்டு, சுழலும் பிளேடால் துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுத்தார்கள். மிக்ஸி மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள், மூடிதான் இல்லை.

ஆபரேஷன் முடிந்த பிறகு வந்த ரிப்போர்ட்டில் லியோமயோசர்கோமா என்று இருந்தது. நறுக்கும்போது புற்றுச் செல்கள் வயிற்றுக்குள் சிதறிவிட்டன. ஏமியும், இதய அறுவை மருத்துவரான அவரது கணவர் ஹூமன் நூர்ச்சாஷ்மும் அந்தக் கருவிக்கு எதிராகப் பெரிய பிரசாரத்தையே நடத்தினார்கள். 2014 ஏப்ரலில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை வெளியிட்டது. ஃபைப்ராய்டுக்காக ஆபரேஷன் செய்துகொள்ளும் 350 பெண்களில் ஒருவருக்கு வெளியே தெரியாத சர்கோமா இருக்கலாம் என்பது அதன் கணக்கு. அதே ஆண்டு ஜூலையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் தனது மார்சலேட்டர்களைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. ஏமி ரீட் 2017 மே மாதம் 44 வயதில் இறந்தார்.

அந்த '350-ல் ஒருவர்' கணக்கு மிகை என்று மகப்பேறு மருத்துவர்கள் பலர் வாதிட்டார்கள். வயது குறையக் குறைய ஆபத்தும் குறையும் என்பதால், 28 வயதுப் பெண் அந்த எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை. வயிற்றைக் கிழித்துச் செய்யும் ஆபரேஷனுக்கும் அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு, அதனால் லேப்ராஸ்கோப்பியே கூடாது என்பதும் சரியல்ல. இன்று எஃப்.டி.ஏ. சொல்வது இதுதான்: நறுக்கியே ஆக வேண்டும் என்றால், தகுந்த நபர்களுக்கு மட்டும், கட்டியை ஒரு பைக்குள் போட்டு அந்தப் பைக்குள்ளேயே நறுக்க வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்கும், 50 வயதைத் தாண்டியவர்களுக்கும், சந்தேகம் உள்ள கட்டிக்கும் கூடாது.

ஃபைப்ராய்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்திருப்பவர்கள், "கட்டியை எப்படி வெளியே எடுப்பீங்க? பை யூஸ் பண்ணுவீங்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

யாருக்குக் கருப்பையைக் காப்பாற்றலாம்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. கட்டியின் வகைதான் பதிலைத் தீர்மானிக்கிறது.

லியோமயோசர்கோமா என்று உறுதியானால், கருப்பையை முழுசாக, நறுக்காமல் அகற்றுவதுதான் சிகிச்சை. முதல் நிலையிலேயே பிடித்தாலும் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்ப வரும் நோய் இது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கருப்பையை விட்டுவைத்துக் குழந்தை பெற்ற ஒருசிலர் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதப்பட்டிருக்கிறது. அந்தச் சிலரைக் காட்டி யாராவது நம்பிக்கை கொடுத்தால் எச்சரிக்கையாக இருங்கள். நல்லபடியாக முடிந்த கதைதான் பெரும்பாலும் இதழில் வரும். ஆனால் இதிலும் ஓர் ஆறுதல் உண்டு. நோய் கருப்பையைத் தாண்டாத இளம் பெண்களுக்குச் சினைப்பைகளை விட்டுவைக்கலாம். அதன் முக்கியத்துவம் என்ன என்பதைப் பின்னால் பார்ப்போம்.

'ஸ்டம்ப்' என்று வந்தவர்களுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. கட்டியை மட்டும் அகற்றும் 'மயோமெக்டமி' ஆபரேஷன் ஏற்கெனவே முடிந்து, ரிப்போர்ட்டில் ஸ்டம்ப் என்று வந்து, குழந்தை வேண்டும் என்றும் விரும்பினால், கருப்பையை எடுக்காமல் கண்காணிப்பில் வைக்கலாம். பெரும்பாலோருக்கு அது திரும்ப வருவதில்லை. சிலருக்கு வருகிறது, சில நேரம் பல வருடங்கள் கழித்து. அதனால் குறிப்பிட்ட இடைவெளியில் எம்.ஆர்.ஐ., மார்புப் பகுதி ஸ்கேன் என்று தொடர்ந்து போய்க்கொண்டே இருக்க வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று மூன்றாவது வருடம் நிறுத்திவிடுவதுதான் இங்கே ஆபத்து. குழந்தைப்பேறு முடிந்த பிறகு கருப்பையை எடுத்துவிடலாமா என்ற பேச்சும் வரும். அது மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

கடினமான முடிவு 'லோ கிரேடு ஸ்ட்ரோமல் சர்கோமா'வில்தான். வழக்கமான சிகிச்சை கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுப்பது. ஈஸ்ட்ரோஜன் வரும் வழியையே அடைப்பது நோக்கம். ஆனால் இந்த நோய் இளம் வயதிலும் வருகிறது, மெதுவாக வளர்கிறது. எனவே கட்டி சிறியதாக, கருப்பைக்குள் மட்டும் இருக்கும் சிலருக்கு, அதை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துவிட்டு, புரோஜெஸ்டின் போன்ற ஹார்மோன் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை கருப்பைக்குள் கேமரா விட்டும் எம்.ஆர்.ஐ. எடுத்தும் பரிசோதிப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தால் தாமதிக்காமல் கருத்தரிக்கச் சொல்வார்கள், குழந்தை பிறந்ததும் கருப்பையை அகற்றிவிடச் சொல்வார்கள்.

இப்படிக் குழந்தை பெற்றவர்கள் இருக்கிறார்கள். நோய் திரும்ப வந்தவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். ஒட்டுமொத்த உலகத்திலும் இந்த வழியில் போனவர்கள் குறைவு என்பதால், இது இன்னும் எல்லோருக்குமான சிகிச்சை ஆகவில்லை. கையெழுத்துப் போடும் முன் இந்த வித்தியாசத்தை மருத்துவர் விளக்கியிருக்க வேண்டும். 'செய்து பார்க்கலாம்' வேறு, 'செய்தால் போதும்' வேறு.

அடினோசர்கோமாவிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். காம்பு போன்ற பாலிப்பாக, தசைக்குள் இறங்காமல் இருந்தால் சிலருக்கு அதை மட்டும் எடுத்துக் கண்காணித்திருக்கிறார்கள். சர்கோமா பகுதி மிகுந்து வளர்ந்துவிட்டது என்று ரிப்போர்ட்டில் இருந்தால் கருப்பையை விட்டுவைக்கப் பார்ப்பது விஷப் பரீட்சை.

கட்டியை மட்டும் எடுக்கும்போது அறுவை மருத்துவரின் கை வேலையும் முக்கியம். கட்டி உடையாமல் முழுதாக வர வேண்டும். எடுத்த பள்ளத்தைத் தசைச் சுவர் அடுக்கடுக்காகச் சேரும்படி தைக்க வேண்டும். சரியாக ஆறாத தையல் கர்ப்பத்தின்போது பிரிந்துவிடும் அபாயம் உண்டு. அதனால்தான் ஆழமான கட்டி எடுத்தவர்களை உடனே கருத்தரிக்க வேண்டாம் என்பார்கள், பிரசவமும் பெரும்பாலும் சிசேரியனாக இருக்கும்.

கத்தியைத் தூரம் வைத்த ஒரு கட்டி

இதே கருப்பையில் வரும் இன்னோர் அரிய புற்றுநோயின் கதை வேறு மாதிரி. கர்ப்பத்தின்போது நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து தொடங்குவது இது. 'முத்துப்பிள்ளை கர்ப்பம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கரு உருவாகாமல், நஞ்சுத்திசு திராட்சைக் கொத்து மாதிரி வளர்ந்துவிடும். அதைச் சுத்தம் செய்த பிறகும் சிலருக்கு மிச்சத் திசு புற்றுநோயாக மாறுகிறது. அதில் மிகத் தீவிரமானது 'கோரியோகார்சினோமா'. 1950-களுக்கு முன்பு, பரவிவிட்ட நிலையில் வந்தால் கருப்பையை எடுத்தும் பெரும்பாலோரைக் காப்பாற்ற முடியவில்லை.

1956-ல் அமெரிக்காவில் மின் சியூ லீ, ராய் ஹெர்ட்ஸ் ஆகிய மருத்துவர்கள் 'மெத்தோட்ரெக்ஸேட்' என்ற மருந்தைக் கொடுத்து இதைக் குணப்படுத்தினார்கள். திடக்கட்டிப் புற்றுநோய் ஒன்று மருந்தால் மட்டுமே குணமானது அதுவே முதல்முறை. மெத்தோட்ரெக்ஸேட் வகை மருந்துகளை உருவாக்கிய லெடர்லி ஆய்வகக் குழுவை வழிநடத்தியவர் யெல்லாபிரகட சுப்பாராவ். ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்து, நம்ம சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இந்த வெற்றியைப் பார்க்காமலேயே 1948-ல் இறந்துவிட்டார்.

இன்று இந்த நோயில் அபாயம் குறைந்த பிரிவில் வருபவர்கள் கிட்டத்தட்ட அனைவருமே குணமாகிறார்கள். கருப்பையும் அப்படியே இருக்கிறது. ரத்தத்தில் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோன் அளவை வைத்தே நோய் இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்லிவிடலாம். கர்ப்பம் ஆனாலும் அதே ஹார்மோன்தான் உயரும் என்பதால், சிகிச்சை முடிந்து பொதுவாக ஒரு வருடம் கருத்தரிக்க வேண்டாம் என்கிறார்கள். நஞ்சு பதியும் இடத்தில் வரும் 'பி.எஸ்.டி.டி.' என்ற வகை மட்டும் விதிவிலக்கு. அது கீமோவுக்கு எளிதில் மசியாது, ஆபரேஷன்தான் முதல் தேர்வு.

அதாவது, 'கருப்பையில் புற்றுநோய்' என்றதும் கருப்பையை எடுத்துவிடச் சம்மதிக்கும் முன், எந்த வகை என்பதைத் தெரிந்தே ஆக வேண்டும்.

கருப்பையை எடுத்தே ஆக வேண்டும் என்றால்?

கருப்பை போனால் கர்ப்பம் சுமக்க முடியாது. ஆனால் சினைப்பைகள் இருந்தால் கருமுட்டை இருக்கிறது. அவற்றையும் எடுக்கப்போகிறார்கள் அல்லது கீமோ, கதிர்வீச்சு கொடுக்கப்போகிறார்கள் என்றால், அதற்கு முன்பே கருமுட்டையை எடுத்து உறையவைக்கலாம். ஊசிகள் போட்டு முட்டைகளை வளர்த்து எடுக்க சுமார் இரண்டு வாரம் ஆகும். ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளரும் கட்டி என்றால், அந்த ஹார்மோன் ஏறாமல் இருக்க லெட்ரோசோல் மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டு வாரம் காத்திருக்க நோய் அனுமதிக்குமா என்பதைப் புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்வார் என்பது பல இடங்களில் நிலைமை.

அடுத்து சட்டம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, நோய்க்காகக் கருப்பை அகற்றப்பட்டது வாடகைத்தாய் முறையை நாட ஏற்கத்தக்க காரணம். விதிகளிலேயே அது குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஆனால் திருமணமான தம்பதி என்றால் மனைவிக்கு 23 முதல் 50 வயது, கணவருக்கு 26 முதல் 55 வயது இருக்க வேண்டும். கணவரை இழந்தவர், விவாகரத்தானவர் என்றால் 35 முதல் 45 வயது வரை, அதுவும் சொந்தக் கருமுட்டையில் மட்டுமே. மருத்துவச் செலவு, காப்பீடு தவிர வாடகைத்தாய்க்குப் பணம் கொடுக்கக் கூடாது. திருமணமாகாத பெண்ணுக்கு அனுமதியே இல்லை.

இங்கேதான் 26 வயதில், கல்யாணத்துக்கு முன் இந்த நோய் வரும் பெண் மாட்டிக்கொள்கிறார். கருமுட்டையை உறையவைக்க 21 வயது தாண்டிய அவரைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் பொதுவாக 10 ஆண்டுகள் வரைதான் அதைச் சேமித்து வைக்கலாம். பயன்படுத்த வேண்டும் என்றால் அதற்குள் திருமணம் நடந்திருக்க வேண்டும். புற்றுநோயிலிருந்து மீண்ட ஒரு பெண்ணுக்கு இப்படிக் கெடு வைப்பது நியாயமா என்ற கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்விதான்.

கருப்பை மாற்று அறுவை சிகிச்சை பற்றியும் கேட்பீர்கள். ஸ்வீடனில் மட்ஸ் பிரான்ஸ்ட்ரோம் குழு செய்த மாற்று சிகிச்சையில் 2014-ல் உலகின் முதல் குழந்தை பிறந்தது. இந்தியாவில் புனேயில் 2017-ல் மாற்று சிகிச்சை நடந்து, 2018 அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. ஆனால் மாற்று உறுப்பை உடல் ஏற்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் சாப்பிட வேண்டும். புற்றுநோய் வந்தவர்களுக்கு அது கவலைக்குரியது. இப்போதைக்கு இதை ஒரு வழியாகக் கணக்கில் வைக்க முடியாது.

ரிப்போர்ட் கைக்கு வந்தால் என்ன செய்வது?

முதலில், அவசரப்பட்டு அடுத்த வாரமே ஆபரேஷன் என்று முடிவு செய்யாதீர்கள். முதல் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் எடுத்த திசுவின் ஸ்லைடுகளும், மெழுகில் பதித்த 'பிளாக்'குகளும் இருக்கும். நோயாளி கேட்டு வாங்கலாம். அவற்றை இதுபோன்ற கட்டிகளை நிறையப் பார்க்கும் மையத்துக்குக் கொண்டுபோங்கள். அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., மும்பை டாடா மெமோரியல் போன்ற இடங்களில் திசுவை மறுபடி பார்த்துச் சொல்வார்கள். அரிய கட்டிகளில் இரண்டாவது பார்வையில் வகையே மாறிப்போவது உண்டு. வகை மாறினால் கருப்பையை எடுக்கும் முடிவும் மாறலாம்.

மருத்துவரிடம் போகும்போது கணவரோ அம்மாவோ பேசட்டும் என்று விடாமல், "எனக்குக் குழந்தை வேணும். அதுக்கு என்ன வழி இருக்கு, அதுல என்ன ரிஸ்க்?" என்று நீங்களே முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். புற்றுநோய் அறுவை மருத்துவரையும் கருத்தரிப்பு நிபுணரையும் ஆபரேஷனுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் என்னென்ன உறுப்புகளை எடுக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கும். சினைப்பை என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் ஏன் என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.